கல் பங்களாவின் கூரை

சத்திரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போதே சண்முகசுந்தரத்துக்கு முழங்கால் விண்ணென்று தெறித்தது. ஸ்ரீரங்கத்திலிருந்து வழி நெடுக நின்றுகொண்டே வந்திருந்தார். நாலு நாள் விடாமல் கொட்டிய மழை அன்று காலையில்தான் ஓய்ந்திருந்தது. கால்சட்டையைக் கணுக்காலுக்கு மேலே மடித்துவிட்டு, கக்கத்தில் ஃபைலையும் குடையையும் இடுக்கிக்கொண்டு, மலைக்கோட்டைக் கடைத்தெருச் சேற்றில் பார்த்துப் பார்த்து அடி வைத்தார். ஜவுளிக்கடைக்காரர்கள் நனைந்த மூட்டைகளைப் பிரித்து வாசலில் பரப்பியிருந்தார்கள். ஒதுங்கி நடக்க இடமில்லை.

அவர் மராமத்து இலாகாவில் ஓவர்சியர். 1959 மார்ச்சோடு ஐம்பத்தைந்து முடிந்து ரிட்டயர் ஆகிறார். இது 1958 நவம்பர். மிச்சமிருக்கிற மாதங்களில் புது வேலை எதையும் தன் தலையில் கட்ட மாட்டார்கள் என்று நினைத்திருந்தார். கட்டிவிட்டார்கள். 'பூங்காவிலுள்ள கல் மியூசியத்தின் கூரை இடிந்த காரணம் குறித்து அறிக்கை தருக' என்று ஃபைலின் மேல் தாளில் எழுதியிருந்தது. அதைப் படித்தபோது, அந்தக் கட்டடத்தில் தான் எப்போதோ ஏதோ வேலை பார்த்தோம் என்று மங்கலாக நினைவு வந்தது. என்ன வேலை என்று ஞாபகமில்லை. முப்பத்திரண்டு வருஷத்தில் எத்தனையோ கூரை, எத்தனையோ மதகு.

பார்க்கின் நடுவில் அது நின்றது. ஊரில் அதற்குக் கல் பங்களா என்றுதான் பெயர். 1889-ல் கட்டியது. வாய்க்கால் வேலைக்கு வந்த ஒரு வெள்ளைக்கார இன்ஜினீயர், மண்ணை வெட்டும்போது கிடைத்த சிலைகளையும் எழுத்து வெட்டிய கற்களையும் தன் கூடாரத்தைச் சுற்றிக் குவித்து வைத்திருந்தாராம். அவற்றுக்கு ஒரு வீடு வேண்டும் என்று, ஒரு பாலத்துக்காக வெட்டி மீந்துபோன கருங்கல்லைக் கேட்டு வாங்கினார். படம் போட்டது அவர். கட்டியது கோயில் வேலை செய்து பழகிய கல்தச்சர்கள். அதனால் ஜன்னல்கள் மாதா கோயில் ஜன்னல் மாதிரி மேலே கூராக முடியும். வாசல் முகப்புத் தூண்களிலோ தாமரை மலர்ந்திருக்கும். கூரை விளிம்பில் மண்டபத்துக்கு வைப்பதுபோல வளைந்த கொடுங்கை. முப்பதடிக்கு இருபதடி ஒரே ஹால். நடுவில் நாலு தூண், தூண்மேல் கல் உத்தரம், உத்தரத்திலிருந்து இரண்டு பக்கச் சுவருக்கும் பத்தடி நீளக் கற்பலகைகள். அவ்வளவுதான் கூரை. ஒரு மரத்துண்டுகூடக் கிடையாது.

வாசலில் ஒரு பெண் குந்தி உட்கார்ந்து ஈரச் சாக்குகளைப் பிழிந்துகொண்டிருந்தாள். நாற்பத்தைந்து வயதிருக்கும். அவரைப் பார்த்ததும் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்தாள்.

"இலாகாவிலேருந்து வரேன். கூரையைப் பார்க்கணும்."

"வாங்க சார். நான்தான் கமர் ஜஹான். மெமோ குடுத்திருக்கே, அந்தக் கமர் ஜஹான்."

தன்னை அவள் அப்படி அறிமுகம் செய்துகொண்டது அவருக்குச் சங்கடமாக இருந்தது. உள்ளே போனார்.

மேற்குப் பக்கத்தில் ஒரு கற்பலகை சரியாக நடுவில் முறிந்து, ஒரு பாதி கீழே விழுந்திருந்தது. மறுபாதி சுவரில் சாய்ந்து தொங்கியது. ஓட்டை வழியாக வெளுத்த வானம் தெரிந்தது. விழுந்த கல்லுக்கு அடியில், கொள்ளிடத்தில் பிடித்துப் பாடம் பண்ணி வைத்திருந்த முதலை இரண்டாக வெட்டுப்பட்டுக் கிடந்தது. அதன் வயிற்றிலிருந்து வைக்கோல் பிதுங்கி ஈரத்தில் அழுகத் தொடங்கியிருந்தது. கண்ணாடிப் பெட்டி தூள் தூளாகியிருந்தது. சின்னச் சிலைகளையெல்லாம் யாரோ கிழக்குச் சுவரோரம் நகர்த்தி, பழைய புடவைகளால் மூடியிருந்தார்கள். கல்லாய்ப்போன மரத்துண்டு ஒன்றும் பெரிய சிலை ஒன்றும் மட்டும் நகர்த்த முடியாமல் தண்ணீரில் நின்றன.

"இதெல்லாம் யார் நகர்த்தினது?"

"நான்தான். வேற யார் இருக்கா? சின்னச் சிலைங்களைக் கட்டிப் பிடிச்சு இழுத்தேன். அந்த மூத்ததேவி சிலை மட்டும் அசையல. நல்லவேளை, கல்லு அது மேல விழல."

"கல்லு விழுந்தப்போ நீங்க எங்கே இருந்தீங்க?"

"இங்கதான். சாயங்காலம் நாலு மணி. முதலைப் பெட்டி மேல ஒழுகுது, சாக்குப் போடலாம்னு எடுக்க வாசலுக்குப் போனேன். பின்னால சத்தம். திரும்பிப் பார்த்தா வீட்டுக்குள்ளே வானம் தெரியுது." சாக்கைக் கீழே போட்டாள். "மெமோவில என்ன எழுதியிருக்குன்னு தபால் ஆபீஸ் பக்கம் மனு எழுதுறவர்கிட்ட படிக்கச் சொல்லிக் கேட்டேன். மொட்டை மாடியில இலை தழையை அள்ளாம விட்டதால தண்ணி தேங்கிக் கூரை இடிஞ்சதாம். ஏன் வேலையை விட்டு எடுக்கக் கூடாதுன்னு கேட்டிருக்கு."

"நீங்க அள்ளலையா?"

"எப்படி சார் ஏறுவேன்? ஏணி இல்ல. ஏணி வேணும்னு மூணு மனு போட்டேன். பதில் வரல."

"முன்னாடி யார் அள்ளினது?"

"எங்க பிள்ளைங்க அத்தா. ஷேக் தாவூதுன்னு பேரு. இங்க வாட்ச்மேனா இருந்தாங்க. மழைன்னா ஓடிவந்துடுவாங்க. பின்பக்கம் ஒரே ஒரு குழாய், அதுல வேப்பிலை அடைச்சுக்கும். அடைச்சா மேல குளம் மாதிரி நின்னுடும். மரத்து மேல ஏறி, கிளை வழியா கூரையில குதிச்சு, குழாய் வாயில கைய விட்டு அள்ளுவாங்க. மழை பெய்யப் பெய்ய. இருபது வருஷம் அப்படித்தான். அம்பத்தொண்ணுல பாசி வழுக்கிக் கீழே விழுந்தாங்க. இடுப்பெலும்பு போச்சு. மூணு மாசம் படுக்கை. அப்புறம் மவுத்தாயிட்டாங்க. அந்த வேலையைத்தான் எனக்குக் குடுத்தாங்க."

இதை அவள் ஏற்ற இறக்கம் இல்லாமல் சொன்னாள். பலரிடம் பலமுறை சொல்லிச் சலித்த குரல்.

சண்முகசுந்தரம் முன்கூட்டியே கொத்தனார் மருதையை ஏணியோடு வரச் சொல்லியிருந்தார். மருதை அரியமங்கலத்துக்காரர், நாற்பது வயது, இலாகா வேலைக்கு அடிக்கடி வருகிறவர். பத்து மணிக்கு ஏணி வந்து சேர்ந்தது. மருதை முதலில் ஏறி, கையை நீட்டி ஓவர்சியரை மேலே இழுத்துவிட்டார்.

மேலே கைப்பிடிச் சுவர் இடுப்பளவு உயரத்தில் நாலு பக்கமும் ஓடியது. தளத்தில் இன்னும் கணுக்காலளவு தண்ணீர் நின்றது. இடிந்த ஓட்டையைச் சுற்றிச் சுண்ணாம்புத் தளம் வீங்கி மேடாக இருந்ததால் அந்தப் பக்கம் போகாமல் தேங்கியிருந்த தண்ணீர். அதில் இலைகள் கறுத்து மிதந்தன.

"இது கூரையா, தொட்டியா?" என்றார் மருதை. தண்ணீருக்குள் இறங்கிச் சுவரோரமாக நடந்தார். கையிலிருந்த சுத்தியலால் கைப்பிடிச் சுவரின் அடியைத் தட்டிக்கொண்டே போனார். ஓரிடத்தில் சத்தம் மாறியது. குனிந்து பாசியைச் சுரண்டினார்.

"ஐயா, இங்க வந்து பாருங்க. இது கல்லு இல்ல, சிமிட்டி. ஒரு தூம்பை அடைச்சிருக்கான்."

கொடுங்கைக்கு மேலே, கட்டடத்தின் இரண்டு நீளப் பக்கங்களிலும் பக்கத்துக்கு நாலாக எட்டுக் கல் தூம்புகள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. கீழேயிருந்து பார்த்தால் யாளி முகங்கள் என்றுதான் தோன்றும். ஒவ்வொன்றின் வாயிலும் ஒரு கை நுழையும் அளவுக்குத் துவாரம். மேலே விழுகிற மழை அந்த எட்டு வாய் வழியாகவும் சுவரில் படாமல் தூரப் போய் விழட்டும் என்று தச்சர்கள் வைத்தது. எட்டும் உள்பக்கத்திலிருந்து அடைக்கப்பட்டிருந்தன.

மருதை ஒவ்வொன்றாகத் தட்டி எண்ணிவிட்டு நிமிர்ந்தார். "எட்டையும் அடைச்சுட்டு மூலையில ஒத்தைக் குழாய் வச்சிருக்கான். எந்தப் படுபாவி பண்ணின வேலை இது? இவ்வளவு தண்ணிய எந்தக் கல்லு தாங்கும்? வருஷா வருஷம் ஊறி ஊறி மேல இருக்கிற சுண்ணாம்பு கனம் ஏறியிருக்கு. அதான் பலகை முறிஞ்சுபோச்சு."

சண்முகசுந்தரம் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டார். அந்தச் சிமெண்டைப் பார்த்ததும் எல்லாம் நினைவுக்கு வந்துவிட்டது.

1929. வேலைக்குச் சேர்ந்து மூன்றாவது வருஷம். இந்த முகப்பில் யாரோ பெரிய மனிதருக்கு வரவேற்பு. திடீர் மழை. வாசலுக்குப் பக்கத்துத் தூம்பிலிருந்து தண்ணீர் கொட்டி, விருந்தாளியின் மனைவி நனைந்துபோனாள். மறுநாள் அன்றைய மேலதிகாரி கூப்பிட்டு, "அந்த மிருகங்கள் தண்ணீர் துப்புவதை நிறுத்து. பைப் வைத்துக் கீழே இறக்கு," என்றார். சண்முகசுந்தரம் மழை அளவைப் போட்டுக் கணக்குப் பார்த்தார். குறைந்தது மூன்று பைப் வேண்டும். அதைச் சொன்னார். "சுவர் பூராவும் பைப்பா? அசிங்கமாக இருக்கும். பின்பக்கம் ஒன்று போதும்," என்று பதில் வந்தது. அவர் ஒரு பைப் போட்டுப் படம் வரைந்தார். கீழே கையெழுத்துப் போட்டார். சிமெண்ட் குழைத்து எட்டு வாயிலும் அடைக்கும்போது பக்கத்தில் நின்றார். அடுத்த மாதம் கடலூருக்கு மாற்றலாகிப் போய்விட்டார்.

தெரியாமல் செய்தது இல்லை. அதுதான் அவருக்கு இப்போது நெஞ்சில் முள்ளாகக் குத்தியது.

"இறங்கலாம் மருதை," என்றார்.

கீழே கமர் ஜஹான் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "மேல இலை நிறைய இருக்கா சார்?" என்று கேட்டாள். அதற்கு என்ன பதில் சொன்னால் தனக்கு நல்லது என்று அவளுக்குத் தெரியவில்லை என்பது அவள் முகத்திலேயே தெரிந்தது.

"இருக்கும்மா," என்றார். ஃபைலை எடுத்துக்கொண்டு நடந்தார். பார்க்கைத் தாண்டிப் போனபின்தான் குடையை வாசலிலேயே விட்டுவிட்டு வந்தது தெரிந்தது. திரும்பிப் போகவில்லை.

அம்மா மண்டபம் ரோட்டில் அவருடைய வாடகை வீடு. மனைவி பவுனம்மாள் சுவரோரம் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். பிள்ளைகள் இருவரும் கல்யாணமாகி வெளியூரில். அவர் சட்டையைக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"என்ன, காய்ச்சலா?"

"இல்ல."

காபி கொடுத்தாள். அது ஆறி ஆடை கட்டும்வரை கையில் வைத்திருந்தார். பிறகு சொன்னார். ஒரு கூரை, எட்டுத் தூம்பு, ஒரு ஆள் விழுந்தது, அந்த ஆளின் பெண்டாட்டிக்கு மெமோ. எல்லாவற்றையும் சொல்லி முடிக்கப் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை.

பவுனம்மாள் கீரைத் தண்டை ஒடித்துக்கொண்டே கேட்டாள். "நீங்கதான் அடைச்சீங்கன்னு அங்க யாருக்காவது தெரியுமா?"

"தெரியாது. அப்ப இருந்தவங்க யாரும் இப்ப இல்ல."

"எழுதாட்டி?"

"எனக்கு ஒண்ணும் ஆகாது. அந்தம்மாவுக்கு வேலை போகும்."

"எழுதினா?"

"என்ன பண்ணுவாங்கன்னு தெரியல. ரிட்டயர் ஆகிற நேரத்துல விளக்கம் கேப்பாங்க. இழுத்தடிப்பாங்க."

அவள் ஆய்ந்த கீரையை ஒரு பக்கம் ஒதுக்கினாள். "முப்பது வருஷமா நீங்க தினம் அசந்துபோய்த்தான் வரீங்க," என்றாள். "ஆனா ஒருநாளும் இப்படி வந்து உட்கார்ந்ததில்ல. எழுதிடுங்க. எழுதாம, இதையே நினைச்சுக்கிட்டு நீங்க வீட்டோட இருந்தா, அதை நான்தானே பார்த்துக்கிட்டு இருக்கணும்?"

மறுநாள் ரிக்கார்டு ரூமில் அந்தப் பழைய படத்தைத் தேடினார். தேடும்போதே, கிடைக்காமல் போனால் நல்லது என்றும் மனசுக்குள் ஒரு மூலை நினைத்தது. பன்னிரண்டு மணிக்குள் கிடைத்துவிட்டது. கறையான் ஓரத்தைத் தின்றிருந்தது, நடுவைத் தொடவில்லை. எட்டுத் தூம்புக்கு நேராகவும் எட்டுப் பெருக்கல் குறி. பின் மூலையில் ஒரு சின்ன வட்டம். அடியில் அவருடைய கையெழுத்து, இளவயசுக் கையெழுத்து, கடைசி எழுத்துக்குக் கீழே ஒரு வால் இழுத்து.

அறிக்கை எழுத மூன்று நாள் எடுத்துக்கொண்டார். நாலு பக்கம் வந்தது. மூன்று பக்கத்தில் கட்டடம் எப்படிக் கட்டப்பட்டது, அதன் தண்ணீர் எப்படி வெளியேறியது என்று எழுதினார். நாலாவது பக்கத்தில், '1929-ல் வடிகால்களை அடைத்து ஒரே குழாய் வைத்ததே சேதத்துக்குக் காரணம். ஒரு குழாய் போதாது என்று அறிந்தும் அந்தப் படத்தை வரைந்து கையொப்பமிட்டவன் நான். பணியாளர் கமர் ஜஹான் மீது தவறு இல்லை. ஏணி கேட்டு அவர் மூன்று முறை மனுச் செய்திருக்கிறார். அவருடைய கணவர் இந்தக் குழாயைச் சுத்தம் செய்யும்போது விழுந்து இறந்தார். சுவர்களும் தூண்களும் உறுதியாக உள்ளன. தூம்புகளைத் திறந்து, ஒரு பலகையை மாற்றினால் போதும்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். இப்போது கையெழுத்தில் வால் இல்லை.

அசிஸ்டன்ட் இன்ஜினீயர் தர்மராஜுக்கு முப்பத்திரண்டு வயது. மரியாதை தெரிந்தவர். தன்னைவிட வயதில் மூத்தவர் என்பதால் ஓவர்சியரையும் சார் என்றுதான் கூப்பிடுவார். அறிக்கையைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"உட்காருங்க சார். இது என்ன, பாவமன்னிப்பா?"

"அறிக்கை சார்."

"நாலு பக்கம் எதுக்கு? 'பழைய கட்டடம், பராமரிப்புக் குறைவு, இடித்துவிடலாம்'னு மூணு வரி போதுமே. அந்த இடத்துல தண்ணி டேங்க் கட்டலாம்னு ஒரு திட்டம் இருக்கு. தெரியுமில்ல? மேட்டுத் தெருக்காரங்க குழாயில தண்ணி ஏறலன்னு தினம் வந்து நிக்கிறாங்க. அவங்களுக்கு நான் என்ன பதில் சொல்றது?"

"டேங்க்கைப் பார்க்கோட வடக்கு மூலையில கட்டலாம். இடம் அளந்து பார்த்துட்டேன். படத்தோட இணைச்சிருக்கேன்."

தர்மராஜ் அந்தப் படத்தைப் பார்த்தார். பெருமூச்சு விட்டார். "சரி, அதை விடுங்க. உங்க பேரை ஏன் எழுதறீங்க? 'முன்பு அடைக்கப்பட்டது'ன்னு பொதுவா எழுதினா யார் மேலயும் பழி வராது."

"அந்தம்மா மேல வரும் சார். அடைச்சதுக்கு ஆள் இல்லன்னா, அள்ளாததுதான் காரணம்னு ஆயிடும்."

"அவங்க வேலை நிரந்தரம்கூட இல்ல."

"அவங்க புருஷன் போனது நிரந்தரம்தானே."

சொன்ன பிறகு, கொஞ்சம் அதிகமாகப் பேசிவிட்டோமோ என்று அவருக்குத் தோன்றியது. தர்மராஜ் கோபித்துக்கொள்ளவில்லை. அறிக்கையை எடுத்து ஃபைலில் வைத்தார். பிறகு, "மேல அனுப்பறேன். என் குறிப்பு எதுவும் எழுதாம அப்படியே அனுப்பறேன். அதுக்கு மேல என்னால ஆகாது," என்றார்.

அது போதும் என்று சண்முகசுந்தரம் எழுந்துகொண்டார்.

அந்தச் சனிக்கிழமை கல் பங்களாவுக்குப் போனார். ஓட்டையின் மேல் தார்ப்பாய் கட்டியிருந்தது. கமர் ஜஹான் கண்ணாடித் துண்டுகளை ஒரு கூடையில் பொறுக்கிக்கொண்டிருந்தாள். அவரைப் பார்த்ததும் உள்ளே போய்க் குடையை எடுத்து வந்து கொடுத்தாள்.

"விட்டுட்டுப் போயிட்டீங்க."

வாங்கிக்கொண்டார். நின்றபடியே சொன்னார். உட்கார்ந்து சொன்னால் சொல்ல முடியாமல் போய்விடும் என்று தோன்றியது. "மேல எட்டுத் தூம்பு அடைச்சிருக்கும்மா. அதனாலதான் அந்த ஒத்தைக் குழாய்ல அவ்வளவு தண்ணி வந்தது. அதை அடைச்சது நான். இருபத்தொம்பதுல. ஒரு குழாய் போதாதுன்னு தெரிஞ்சேதான் செஞ்சேன். மேல சொன்னாங்க, செஞ்சேன்."

அவளுக்குப் புரிய ஒரு கணம் பிடித்தது. கூடையைக் கீழே வைத்தாள்.

"அப்ப, அவங்க மரத்துல ஏறியிருக்கவே வேண்டாமா?"

"வேண்டாம்."

"எட்டும் திறந்திருந்தா?"

"எட்டும் திறந்திருந்தா தண்ணி தானாப் போயிருக்கும். இலையும் அதோட போயிருக்கும்."

அவள் அவரைப் பார்க்கவில்லை. பின்மூலையில் சுவரோடு இறங்கியிருந்த துருப்பிடித்த குழாய் இருக்கும் திசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே ஹாலில் அணில் ஒன்று வைக்கோலைப் பிடுங்கும் சத்தம் கேட்டது.

"படுக்கையில கிடந்தப்போ கூட, மழை பெஞ்சா எழுந்திருக்கப் பார்ப்பாங்க," என்றாள். "குழாய் அடைச்சிருக்கும், குழாய் அடைச்சிருக்கும்னு பினாத்துவாங்க. நான் திட்டுவேன். உங்க உடம்பு இப்படிக் கிடக்கு, குழாய் எக்கேடு கெட்டா என்னன்னு திட்டுவேன்." முக்காட்டு நுனியால் முகத்தைத் துடைத்தாள். "அவங்களுக்கே கவனம் பத்தாதுன்னுதான் நினைச்சிருந்தேன் சார். ஏழு வருஷமா. பார்த்து இறங்கியிருக்கலாமேன்னு, செத்தவங்க மேலதான் கோபமா இருந்தேன்."

சண்முகசுந்தரம் குடையைத் தரையில் ஊன்றினார். "என்னை மன்னிச்சிடுங்கம்மா," என்றார்.

"அது என் கையில இல்ல," என்றாள் அவள். குரலில் சூடு இல்லை. "இதை அங்க எழுதிட்டீங்களா? பேப்பர்ல?"

"எழுதிட்டேன்."

"உங்க பேரு போட்டு?"

"போட்டு."

"அப்ப போங்க சார். எனக்குக் கொஞ்சம் தனியா இருக்கணும்."

அவர் போனார். பஸ்ஸுக்குக் காத்திருக்கப் பொறுமை இல்லாமல், பாலம் வரை நடந்தார். காவிரி கரை தொட்டு ஓடியது. ஜனங்கள் கம்பியைப் பிடித்து நின்று வெள்ளம் பார்த்தார்கள். அவர் நிற்கவில்லை.

அதற்குப் பிறகு நடந்தவை மெதுவாக நடந்தன. டிசம்பரில் அவருக்கு ஒரு கடிதம் வந்தது. தெரிந்தே தவறான படத்தில் கையெழுத்திட்டதற்கு விளக்கம் கேட்டிருந்தார்கள். இரண்டு வரியில் பதில் எழுதினார். 'நான் எழுதியது உண்மை. வேறு விளக்கம் இல்லை.' பதிலுக்குப் பதில் வரும் என்று தினமும் எதிர்பார்த்தார். தபால்காரர் சைக்கிள் மணி கேட்டால் எழுந்து உட்காருவார். பொங்கல் போயிற்று, தை போயிற்று, வரவில்லை. முப்பது வருஷத்துக்கு முந்திய ஒரு தவறைப் பின்தொடர்ந்து பிடிக்க இலாகாவுக்குத் தெம்பு இல்லை என்று மெல்ல மெல்லத்தான் விளங்கியது. தண்டனை வந்திருந்தால்கூட ஒரு கணக்கு முடிந்த மாதிரி இருந்திருக்கும். அதுவும் இல்லாமல், எதுவோ பாதியில் நின்றுபோன மாதிரி இருந்தது.

ஆனால் மற்ற இரண்டு உத்தரவுகள் வந்தன. மெமோவை ரத்து செய்து ஒன்று. கூரையைப் பழுது பார்க்கச் சொல்லி ஒன்று. டேங்க் வடக்கு மூலைக்குப் போனது.

பிப்ரவரி பூராவும் அவர் அந்த வேலையிலேயே நின்றார். மருதையும் நாலு ஆட்களும் முக்காலி கட்டி, சங்கிலி போட்டு, புதுப் பலகைக் கல்லை அங்குலம் அங்குலமாக மேலே ஏற்றினார்கள். தூம்புகளை உளியால் கொத்தித் திறக்க ஒரு வாரம் பிடித்தது. அவர் வெயிலில் கைக்குட்டையைத் தலையில் கட்டிக்கொண்டு கூரையிலேயே உட்கார்ந்திருந்தார். முதல் தூம்பு திறந்த அன்று மருதை உள்ளே கையை விட்டு, சிமெண்ட் கட்டியை உருவி எடுத்து அவரிடம் காட்டினார்.

"இதை அடைச்சவன் உசிரோட இருக்கானோ என்னமோ."

"உசிரோடதான் இருக்கான்," என்றார் சண்முகசுந்தரம். "உன் எதிர்லதான் உட்கார்ந்திருக்கான்."

மருதை சிரித்தார். அப்புறம் அவர் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்தினார். கட்டியைப் பேசாமல் கீழே போட்டுவிட்டு இரண்டாவது தூம்புக்கு நகர்ந்தார். அன்று சாப்பாட்டு நேரத்தில் தன் தூக்கிலிருந்து மோர்சோறு கொஞ்சம் எடுத்து ஓவர்சியருக்கும் வைத்தார். அதற்கு முன் அப்படிச் செய்ததில்லை.

கமர் ஜஹான் அந்த நாட்களில் அவரோடு வேலைக்கு வேண்டிய அளவுதான் பேசினாள். தண்ணீர் கேட்டால் கொடுப்பாள். சிலைகளை எங்கே வைப்பது என்று கேட்பாள். முதலையைப் பார்க்கின் மூலையில் குழி தோண்டிப் புதைத்துவிட்டாள். "கிழிஞ்சதைத் தைச்சு வச்சு யாருக்குக் காட்டறது?" என்றாள். அதற்கு அவரும் எழுத்து மூலம் விளக்கம் கேட்கவில்லை.

மார்ச் முப்பத்தொன்றாம் தேதி செவ்வாய்க்கிழமை. ஆபீஸில் மாலை போட்டார்கள். தர்மராஜ் இரண்டு வார்த்தை நன்றாகவே பேசினார். மாலையை மேஜையில் விட்டுவிட்டு, நாலு மணிக்கு மியூசியம் சாவிகளில் தன்னிடமிருந்த ஒன்றை ஒப்படைக்கக் கல் பங்களாவுக்கு வந்தார். தளம் பூசி, உள்ளே வெள்ளையடித்து, எல்லாம் துடைத்து வைத்திருந்தது. யாரும் பார்க்க வந்திருக்கவில்லை.

கமர் ஜஹான் சாவியை வாங்கிக்கொண்டு, ஒரு வெள்ளைத் தாளை நீட்டினாள்.

"சார், மனு எழுதறவர்கிட்ட போகலாம்னு இருந்தேன். நீங்களே வந்துட்டீங்க. எனக்கு ஒண்ணு எழுதிக் குடுங்க."

"என்ன எழுதணும்?"

"வேலையை விட்டு நிக்கிறேன்னு."

அவர் திடுக்கிட்டார். "ஏம்மா? மெமோவை ரத்து பண்ணிட்டாங்களே. இனிமே உங்களை யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க. உங்க வேலைக்காகத்தான் நான்..."

"நான் எப்ப சார் வேலை வேணும்னு கேட்டேன்? என் மேல தப்பு இல்லன்னு ஒருத்தர் எழுதணும்னுதான் நினைச்சேன். தப்போட வெளியே போனா, போற இடத்துலயும் அது கூடவே வரும். அதுக்காகத்தான் இத்தனை நாள் இருந்தேன்." அவள் முகப்புப் படியில் உட்கார்ந்தாள். "இந்தச் சுவரைப் பார்த்துக்கிட்டே இருக்க முடியல. நீங்க சொல்றதுக்கு முன்னாடி இது வெறும் கல்லு. சொன்னதுக்கப்புறம் காலையில வந்து கதவைத் திறக்கும்போதே நெஞ்சு அடைக்குது. பாலக்கரையில பொம்பளைப் பிள்ளைங்க ஸ்கூல்ல ஆயா வேலை ஒண்ணு இருக்காம். என் மக ஆரிஃபா கேட்டு வச்சிருக்கா. பிள்ளைங்க சத்தத்துல இருந்தாத் தேவலை."

உண்மையைச் சொன்னால் பாரம் குறையும் என்று அவர் நம்பியிருந்தார். பாதியை அவள் தலையில் இறக்கி வைத்திருக்கிறோம் என்று இப்போதுதான் தெரிந்தது.

"நான் சொல்லாமலே இருந்திருக்கணுமோ?" என்று கேட்டார்.

அவள் யோசித்தாள். மரியாதைக்காகச் சட்டென்று பதில் சொல்லிவிடவில்லை. "இல்ல சார். செத்தவங்க மேல இருந்த கோபம் போச்சு. அதுக்கு இது பரவாயில்ல."

அவர் அவள் பக்கத்தில், இரண்டு முழம் தள்ளி, அதே படியில் உட்கார்ந்து பேனாவைத் திறந்தார். அவள் சொல்லச் சொல்ல எழுதினார். தன் மேல் குற்றம் இல்லை என்று இலாகா போட்ட உத்தரவின் நம்பரையும் தேதியையும் அதில் சேர்க்கச் சொன்னாள். சேர்த்தார். இரண்டு தடவை படித்துக் காட்டச் சொல்லிக் கேட்டாள். பிறகு பேனா மையைக் கட்டை விரலில் தடவிக்கொண்டு, நிதானமாக, தாளில் உருட்டி எடுத்தாள்.

"இன்னியோட உங்களுக்கும் முடியுதா?"

"முடியுது."

"நாளைக்கு என்ன பண்ணுவீங்க?"

"தெரியலம்மா. முதல்ல தூங்கணும்."

"தூங்குங்க," என்றாள் கமர் ஜஹான். கதவைப் பூட்டி, பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டு, கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு பாலக்கரைப் பக்கம் நடந்தாள்.

ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்தபோது அவள் அங்கே சேர்ந்துவிட்டதாக, ஒருநாள் கடைத்தெருவில் எதிர்ப்பட்ட மருதை சொன்னார். மதிய வேளையில் சின்னப் பிள்ளைகளை வரிசையாக உட்கார வைத்துச் சாப்பிடச் சொல்லி அதட்டிக்கொண்டிருந்தாளாம். குரல் தெரு வரைக்கும் கேட்டதாம்.

சண்முகசுந்தரம் அன்று வாங்க வந்த சாமானை மறந்துவிட்டு வீட்டுக்குப் போனார். பவுனம்மாள் திட்டினாள். மறுபடியும் போய் வாங்கிக்கொண்டு வந்தார்.